ஆரத்தித் தட்டும் லிட்மஸ் தாளும்: ஒரு மாணவிக்கு நான் பட்ட கடன்



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நடந்த வாக்குவாதத்தை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாவதுதான் உலகத்தின் முதல் அமில காரச் சோதனை, அதை வெள்ளைக்காரர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு லிட்மஸ் என்று பேர் வைத்துவிட்டார்கள் என்று எங்கிருந்தோ வந்த ஒரு செய்தியை ஒருவர் போட்டார். பாதிப் பேர் கைதட்டினார்கள். மீதிப் பேர் சிரித்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு இரண்டு கட்சியும் சேர்ந்து, "டீச்சர், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க" என்று என்னிடம் வந்து நின்றது.

நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. அதைச் சொல்லாமல் தீர்ப்பு மட்டும் சொல்வது நியாயமில்லை என்று பட்டது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஆரத்தி. நம் கூரத்தில் கல்யாணம், வளைகாப்பு, குழந்தையோடு அம்மா வீட்டிலிருந்து கிளம்புவது, எதற்கும் ஆரத்தி இல்லாமல் முடியாது. என் அம்மா தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி மஞ்சள்தூளைப் போடுவார். தண்ணீர் வெறும் மஞ்சளாக நிற்கும். வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்டு விரல் நுனியில் கொஞ்சம் சுண்ணாம்பு எடுத்துக் கரைப்பார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரத்தச் சிவப்பு. சின்ன வயதில் அது எனக்கு மாயம் மாதிரி இருந்தது.

அதன் காரணத்தை இப்போது ஒரு வரியில் சொல்லிவிடலாம். மஞ்சளில் குர்குமின் என்று ஒரு நிறப்பொருள் இருக்கிறது. அமிலத்திலும் சாதாரணத் தண்ணீரிலும் அது மஞ்சளாக இருக்கும். காரம் சேர்ந்தால் அதன் மூலக்கூறு ஹைட்ரஜனை இழந்து, ஒளியை வேறு விதமாக உறிஞ்சும். நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும். சுண்ணாம்பு நல்ல காரம். அவ்வளவுதான். மஞ்சள் ஒரு இயற்கை நிறங்காட்டி.

இனி என் கடன். 1988 அல்லது 89 இருக்கும். நான் அப்போது வேலை பார்த்த பள்ளியின் பேர் வேண்டாம். எட்டாம் வகுப்பு. அமிலம், காரம், உப்பு பாடம். பீரோவில் பூட்டி வைத்திருந்த லிட்மஸ் தாளை எடுத்து வந்திருந்தேன். சின்னப் புத்தகம் மாதிரி அட்டைக்குள் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. வருஷம் முழுவதுக்கும் அதுதான். அதனால் தாளை நாலாக நறுக்கி, நான் மட்டும் தொட்டுக் காட்டுவேன். பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். எலுமிச்சைச் சாற்றில் நீலம் சிவப்பானது. சோப்புத் தண்ணீரில் சிவப்பு நீலமானது. எல்லோரும் நோட்டில் எழுதினார்கள்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அப்பா தறி நெய்பவர். அம்மா பட்டு நூலுக்குச் சாயம் போடும் இடத்தில் கூலி வேலை. "டீச்சர், எங்கம்மா பொடவையில மஞ்சக்கறை பட்டுச்சி. சவுக்காரம் போட்டா செவப்பாயிடுச்சி. அப்புறம் புளித்தண்ணி ஊத்துனா திரும்ப மஞ்சளாயிடுச்சி. இதுவும் லிட்மஸ் மாதிரிதானா?"

பாடத்தில் மஞ்சள் இல்லை. இன்ஸ்பெக்டர் வருவதற்குள் இரண்டு பாடம் முடிக்க வேண்டியிருந்தது. "புத்தகத்துல இருக்கறத மட்டும் கேளு, உட்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்த வருஷம் முழுவதும் அவள் வேறு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது, தறிக்குப் போய்விட்டாள்.

அவள் சொன்னதன் அருமை எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. மஞ்சள் சிவப்பாவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். புளியால் அது திரும்பி வருவதை அவள் பார்த்தாள். அதை லிட்மஸோடு சேர்த்து யோசித்தாள். அதுதான் விஞ்ஞானம். நான் அதை உட்கார வைத்தேன்.

இந்தக் கதை எதற்கு என்றால், அமில காரச் சோதனையின் சரித்திரமே சாயக்காரர்களிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது. சாயத் தொட்டிப் பக்கத்திலிருந்து வந்த பெண் அந்தக் கேள்வியைக் கேட்டதில் ஆச்சரியமே இல்லை.

லிட்மஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆய்வுக்கூடத்தில் பிறந்தது இல்லை. செட்டிநாட்டுச் சமையலில் கல்பாசி போடுகிறோமே, அதன் உறவுக்காரச் செடி. செடி என்று சொல்வதுகூடத் தப்பு. பூஞ்சையும் பாசியும் ஒன்றாகக் குடித்தனம் நடத்தும் லைக்கன் என்ற உயிர். கடலோரப் பாறையில் வளரும் சில லைக்கன்களைப் பழைய நாளில் புளித்த சிறுநீரிலும் சுண்ணாம்பிலும் சாம்பல் உப்பிலும் வாரக்கணக்கில் ஊறப்போட்டுத் துணிக்கு ஊதா, நீலச் சாயம் எடுத்தார்கள். ஹாலந்து நாட்டுக்காரர்கள் இதைச் செய்வதில் பேர் போனவர்கள். ஆனால் அந்தச் சாயத்துக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. புளிப்புப் பட்டால் சிவந்துவிடும். துணி வியாபாரிக்கு அது குறை. அந்தக் குறைதான் வேதியியல்காரருக்கு வரமானது.

வரமாக்கியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ராபர்ட் பாயில். ஒன்பதாம் வகுப்பில் வாயுவின் அழுத்தம், பருமன் என்று அவர் விதியைப் படித்து மனப்பாடம் செய்தீர்களே, அதே பாயில். 1664-ல் நிறங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அந்த நாளில் மருந்துக்கடைகளில் வயலெட் பூவின் பாகு விற்பார்கள், நம் ஊர் ரோஜாப்பூ குல்கந்து மாதிரி. பாயில் அந்த நீலப் பாகை வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டார். அதன்மேல் புளிப்பான திரவத்தைத் தொட்டார், சிவந்தது. காரத்தைத் தொட்டார், பச்சையானது. அதோடு நிற்கவில்லை. கைக்குக் கிடைத்த புளிப்பு எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். கைக்குக் கிடைத்த காரம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் மாறாத பொருள்களும் உண்டு என்று மூன்றாவதாக ஒரு வகுப்பைப் பிரித்தார். இனி ஒரு பொருளை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், பூச்சாறு சொல்லிவிடும் என்ற இடத்துக்கு வந்தார்.

இந்தப் பாயில் சில காலம் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவராகவும் இருந்தவர். அந்தக் கம்பெனி 1639-ல் சென்னையில் இடம் வாங்கியதே நம் கரையின் சாயத்துணிக்காகத்தான். சாயம் ஏறிய நம் துணிகள் அவர் ஊருக்குக் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது.

அப்படியானால் நம் சாயக்காரர்களுக்கு என்ன தெரிந்திருந்தது? நிறையத் தெரிந்திருந்தது. சோழமண்டலக் கரையில் சிவப்புச் சாயத்துக்கு இம்பூறல் என்கிற சாயவேர். அதைப் படிகாரத்தோடு சேர்த்தால் துணியை விட்டுப் போகாத சிவப்பு. அந்த வேரில் இருக்கும் அலிசரின் என்ற நிறப்பொருளும் ஒரு நிறங்காட்டிதான்; அமிலத்தில் மஞ்சள், காரத்தில் சிவந்து ஊதாப் பக்கம் போகும். எந்தக் கட்டத்தில் என்ன சேர்க்க வேண்டும், எந்தத் தண்ணீர் ஆகும், எது ஆகாது என்பதெல்லாம் கைப்பழக்கமாக இருந்தது. 1742-ல் கோர்டோ என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் இந்தப் பக்கத்துச் சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு, துணிக்குச் சாயமேற்றும் முறையைப் படிப்படியாக எழுதித் தம் நாட்டுக்குக் கடிதமாக அனுப்பினார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு உண்டு என்று முதலில் எழுதியவர்களில் ஒருவரும் இவர்தான். சாயக்காரர் கையில் இருந்ததை எழுத்தில் வைக்க வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

நம் பட்டும் அப்படித்தான். கூட்டிலிருந்து எடுத்த பட்டு நூலில் ஒரு பசை இருக்கும். எடையில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக அதுவே இருக்கும். அது போனால்தான் பளபளப்பு வரும். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து எடுப்பார்கள். காரம் கூடிவிட்டால் பசையோடு பட்டும் கெட்டுவிடும். பிறகு சாயத் தொட்டியில் அதற்கு நேர்மாறாகக் கொஞ்சம் அமிலம் விட்டால்தான் இன்றைய பட்டுச் சாயம் நூலைப் பிடிக்கும். ஒரு காஞ்சிப் பட்டுப்புடவை காரத்தில் குளித்து அமிலத்தில் நிறம் ஏறி வருகிறது. கல்யாணத்துக்குக் கட்டும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவத்திலும் இருந்தது. காரம் என்ற சொல்லே 'க்ஷாரம்' என்ற வடசொல்லிலிருந்து வந்ததுதான். அமிலம் 'அம்லம்' என்பதிலிருந்து. சுசுருதர் பேரில் உள்ள பழைய மருத்துவ நூலில், மரங்களை எரித்த சாம்பலையும் சுண்ணாம்பையும் கொண்டு மென்மையானது, நடுத்தரமானது, கடுமையானது என்று காரங்களைக் காய்ச்சும் முறை விவரமாக இருக்கிறது. காரத்தை இரும்புப் பாத்திரத்தில் வைக்கச் சொல்கிறது. காரம் பட்டுச் சுட்ட இடத்தில் புளித்த கஞ்சி போன்றவற்றை இட்டால் எரிச்சல் அடங்கும் என்றும், தண்ணீர் நெருப்பை அணைப்பது போலப் புளிப்பு காரத்தை அடக்கும் என்றும் காரணம் சொல்கிறது. நடுநிலையாக்கல் என்று உங்களுக்கு நான் நடத்தியது அதுதான். (இன்று யாராவது அப்படிச் செய்துவிடாதீர்கள். காரமோ அமிலமோ உடம்பில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.) கல்கத்தாவின் பிரபுல்ல சந்திர ராய் 1902-ல் வெளியிட்ட இந்து வேதியியல் வரலாற்றில் இதையெல்லாம் எடுத்துக்காட்டி உலகத்துக்குச் சொன்னார்.

இப்போது தீர்ப்பு. இரண்டு கட்சிக்கும் பாதி வெற்றி, பாதி தோல்வி.

ஆரத்தித் தட்டில் நடப்பது நிறங்காட்டியின் வேலைதானா? சந்தேகமில்லாமல் ஆமாம். சிரித்தவர்கள் தோற்றீர்கள். அது உலகத்தின் முதல் அமில காரச் சோதனையா? இல்லை. கைதட்டியவர்கள் தோற்றீர்கள். என் அம்மா சுண்ணாம்பு காரமா என்று சோதிக்கவில்லை. அவருக்குச் சிவப்புத் தண்ணீர் வேண்டும். அதற்கு வழி தெரியும். சோதனை என்றால் பதில் தெரியாத ஒரு பொருளை வைத்துக்கொண்டு நிறத்திடம் கேள்வி கேட்பது. மஞ்சள் சிவப்பாவதைத் தெரிந்து வைத்திருப்பது வேறு. இந்தத் திரவம் மஞ்சளைச் சிவப்பாக்குகிறதா பார்க்கலாம் என்று தொட்டுப் பார்ப்பது வேறு. நம் வீட்டில் முதலாவது தலைமுறை தலைமுறையாக இருந்தது. பாயில் செய்தது இரண்டாவது. அவர் நம்மிடம் திருடவும் இல்லை. அவர் கையில் இருந்தது வயலெட் பூ.

திருடவில்லை என்றேனே தவிர, நம் மஞ்சள் அங்கே போகாமல் இல்லை. வாணிபத்தோடு போய், மஞ்சள் சாற்றில் நனைத்துக் காயவைத்த காகிதமாக ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் லிட்மஸுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. மின்சாரம் பற்றிப் படித்தீர்களே, மைக்கேல் பாரடே, அவர் 1833-ல் செய்த ஒரு சோதனையைக் கேளுங்கள். சோடியம் சல்பேட் உப்புக் கரைசலில் ஒரு மஞ்சள் தாளையும் ஒரு லிட்மஸ் தாளையும் நனைத்து, அவற்றின் வழியாக மின்சாரம் விட்டார். ஒரு முனையில் மஞ்சள் தாள் சிவந்தது, அங்கே காரம். மறு முனையில் லிட்மஸ் சிவந்தது, அங்கே அமிலம். மின்சாரம் உப்பைப் பிரிக்கிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டியதில் பாதி வேலை மஞ்சளுடையது. மஞ்சளின் நிறப்பொருளை 1815-ல் வோகல், பெல்லெத்தியே என்ற இருவர் பிரித்தெடுத்திருந்தார்கள். அதன் மூலக்கூறு அமைப்பு 1910-ல்தான் தெளிவானது. அதற்கெல்லாம் முன்பே அது வேலைக்குச் சேர்ந்துவிட்டது.

இடையில் இன்னொரு பெரிய அடி எடுத்து வைக்கப்பட்டது. 1767-ல் வில்லியம் லூயிஸ் என்ற ஆங்கிலேயர், அமெரிக்காவிலிருந்து வரும் சாம்பல் உப்பில் எவ்வளவு சரக்கு, எவ்வளவு குப்பை என்று பார்க்க லிட்மஸைப் பயன்படுத்தினார். கரைசலில் அளந்து அளந்து அமிலம் விடுவது. நிறம் மாறும் கணத்தில் நிறுத்துவது. எவ்வளவு அமிலம் செலவானதோ அதற்குத் தக்க காரம் உள்ளே இருக்கிறது. காரமா என்ற கேள்வி, எவ்வளவு காரம் என்ற கேள்வியாக வளர்ந்துவிட்டது. பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டு கூடிப்போய் அழுதவர்கள் எல்லாம் லூயிஸைத்தான் திட்ட வேண்டும்.

அந்தத் தேர்வில் இளஞ்சிவப்பாக மாறியதே பினாப்தலின், அதன் கதை நம்மைத் திரும்பவும் சாயத் தொட்டிக்குக் கூட்டிவருகிறது. 1868-ல் ஜெர்மனியில் அலிசரினைத் தாரிலிருந்து செயற்கையாகச் செய்துவிட்டார்கள். சாயவேருக்கு வேலை போயிற்று. 1871-ல் அடால்ஃப் ஃபான் பேயர் புதுச் சாயங்களைத் தேடிப் போனபோது பினாப்தலின் கிடைத்தது. துணிக்குப் பிடிக்கவில்லை, அமிலத்தில் நிறமே இல்லை, காரத்தில் மட்டும் இளஞ்சிவப்பு. சாயமாகத் தோற்றுப்போனது, சில வருஷத்தில் நிறங்காட்டியாக ஜெயித்தது. அதே பேயர்தான் செயற்கை நீலத்துக்கும் வழி கண்டார். 1897-ல் அது கடைக்கு வந்ததும் நம் நாட்டு அவுரிச் சாயத்தின் ஏற்றுமதி படுத்துவிட்டது. தென்னாற்காட்டுப் பக்கம் அவுரி பயிரிட்டவர்களும் அந்தத் தொட்டிகளில் இறங்கி மிதித்தவர்களும் வேறு பிழைப்புத் தேடினார்கள். பேயருக்கு 1905-ல் நோபல் பரிசு கிடைத்தது. குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. ஒரே ஆளின் மேசையில் நமக்கு ஒரு கருவியும் பிறந்தது, ஒரு தொழிலுக்குக் கேடும் பிறந்தது. சரித்திரம் இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

பினாப்தலினை நீங்கள் மறந்திருந்தாலும் பேப்பரில் வாரம் ஒருமுறையாவது படிக்கிறீர்கள். லஞ்ச ஒழிப்புப் போலீசார் 'ரசாயனப் பொடி தடவிய நோட்டுகளை'க் கொடுத்து அனுப்பினார்கள் என்று வருகிறதே, அந்தப் பொடி இதுதான். நோட்டை வாங்கியவர் கையை சோடியம் கார்பனேட் தண்ணீரில் நனைத்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். நான் வாங்கவே இல்லை என்று வாய் சொல்லும், விரல் வேறு சொல்லும்.

அதற்குப் பிறகு சிவப்பா நீலமா என்பது போதவில்லை. எவ்வளவு புளிப்பு என்று எண்ணில் சொல்ல வேண்டியிருந்தது. 1909-ல் கோபன்ஹேகனில் பீர் தயாரிக்கும் கார்ல்ஸ்பெர்க் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் என்பவர் பி.எச். அளவுகோலைக் கொண்டுவந்தார். 7 நடுநிலை, கீழே அமிலம், மேலே காரம்; ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு. நம் மஞ்சள் சுமார் 7.4-ல் மாற ஆரம்பித்து 8.6-ல் முழுக்கச் சிவக்கும். பினாப்தலின் 8.2-க்கு மேல். லிட்மஸ் 4.5-க்குக் கீழே சிவப்பு, 8.3-க்கு மேலே நீலம். ஆகவே மஞ்சள் காரத்தைப் பிடிக்கும். எலுமிச்சைச் சாற்றுக்கும் நல்ல தண்ணீருக்கும் வித்தியாசம் சொல்லாது. அதனால்தான் மஞ்சள் மட்டும் போதாது, லிட்மஸும் வேண்டியிருக்கிறது.

1934-ல் கலிபோர்னியாவில் இன்னொரு வேடிக்கை. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்கப் பார்த்தார்கள். சாறு கெடாமல் இருக்கச் சேர்த்த கந்தக டை ஆக்சைடு லிட்மஸின் நிறத்தையே வெளுத்துவிட்டது. ஆர்னால்டு பெக்மேன் என்பவர் நண்பருக்காக மின்சாரத்தில் அளக்கும் பெட்டி ஒன்று செய்து கொடுத்தார். இன்றைய பி.எச். மீட்டருக்கு அதுதான் முன்னோடி.

தமிழில் இந்தப் பாடம் எப்போது வந்தது என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணம் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன், 1875-ல் 'கெமிஸ்தம்' என்ற பேரில் வேதியியல் நூலைத் தமிழில் கொண்டுவந்தார். 1916-ல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் விஞ்ஞானச் சொற்களுக்காகவே ஒரு சங்கம் வைத்துப் பத்திரிகை நடத்தினார்கள். ராஜாஜி பிறகு 'திண்ணை ரசாயனம்' என்று ஒரு புத்தகமே எழுதினார். திண்ணையில் உட்கார்ந்து ரசாயனம் பேசலாம் என்று சொன்ன அந்தத் தலைப்பு ஒன்றே எனக்குப் போதும். நான் வகுப்பறையில் செய்யத் தவறியது அதைத்தான்.

சொற்களால் வந்த தொல்லையும் உண்டு. காரம் என்றதும் ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளையாவது, "மிளகாய் எந்த லிட்மஸை மாத்தும் டீச்சர்?" என்று கேட்கும். மிளகாயின் காரம் நாக்கைச் சுடும் காரம். சிவப்பு லிட்மஸை நீலமாக்கும் காரம் இல்லை. இந்தக் கேள்விக்கு நான் சிரித்திருக்கிறேன். சிரித்திருக்கக் கூடாது. தொட்டுப் பாருடா என்று தாளைக் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

இப்போது என் கடனுக்கு வருகிறேன். இந்தத் தை மாதம் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பில் ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்து, "டீச்சர்!" என்றாள். அவள்தான். தலை பாதி நரைத்திருந்தது. எனக்கு அடையாளம் தெரிந்த கணமே அந்தப் பின் பெஞ்சும் ஞாபகம் வந்துவிட்டது.

பேச்சுவாக்கில் அவளே தட்டைக் காட்டிச் சிரித்தபடி கேட்டாள். "அன்னிக்கு நான் சொன்னது சரிதானா டீச்சர்?"

"சரிம்மா. நீ சொன்னது சரி. நான்தான் தப்பு பண்ணிட்டேன்" என்றேன். சொல்வதற்கு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

அவள் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்துவிட்டு, "அப்பன்னா இன்னொண்ணு இருக்கு டீச்சர். எங்க பாட்டி வீட்லயே குங்குமம் செய்வாங்க. மஞ்சள், வெண்காரம், படிகாரம் எல்லாம் போட்டு எலுமிச்சஞ்சாறு ஊத்துவாங்க. புளிப்பு பட்டா செவப்பு மஞ்சளாயிடணுமே. குங்குமம் மட்டும் ஏன் செவப்பாவே இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு முடிந்த என் படிப்பில் அது இல்லை. "தெரியலம்மா, தேடிச் சொல்றேன்" என்றேன். பணியில் இருந்தவரை வகுப்பில் நான் சொல்லாத வாக்கியம் அது.

தேடினேன். கல்லூரியில் வேதியியல் நடத்தும் என் பழைய மாணவன் ஒருவனையும் விடவில்லை. விடை வெண்காரத்தில் இருக்கிறது. அதில் போரான் என்ற தனிமம் உண்டு. அமிலம் உள்ள இடத்தில் போரானும் குர்குமினும் பிணைந்து புதிதாக ஒரு சிவப்புப் பொருளாகிவிடும். அது சுண்ணாம்பால் வரும் தற்காலிகச் சிவப்பு இல்லை. புளிப்பு அதைக் கலைக்காது, புளிப்பு இருந்தால்தான் அது உண்டாகும். அதாவது ஆரத்திச் சிவப்பும் குங்குமச் சிவப்பும் பார்வைக்கு அக்கா தங்கை, வேதியியலில் வேறு வேறு குடும்பம். ஒரு பொருளில் போரான் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடங்களில் மஞ்சள் தாளைப் பயன்படுத்துவதும் இதனால்தான். (கடையில் வாங்கும் குங்குமத்தில் பலவற்றில் செயற்கைச் சாயம் இருக்கும், அதை வைத்துச் சோதித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.)

அவளுக்குப் போன் செய்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அப்ப பாட்டி வெண்காரத்தக் கொறைச்சா நெறம் வராதுன்னு சொல்வாங்களே, அது இதுக்குத்தான்" என்றாள். அடுத்த படியையும் அவளே எடுத்து வைத்துவிட்டாள்.

கடைசியாக ஒன்று. நம் ஊர்ப் பேரைத் தாங்கிய கூரம் செப்பேட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. நம் ஏரிக்குப் பாலாற்றிலிருந்து கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்ததை அது சொல்கிறது. அந்தப் பாலாறு மேலே தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்தது. திருப்பூரில் நொய்யலுக்காக 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஆற்றில் விடும்போது பி.எச். 5.5-லிருந்து 9-க்குள் இருக்க வேண்டும் என்பது விதி, குடிநீருக்கு 6.5-லிருந்து 8.5. பி.எச். சரியாக இருந்துவிட்டால் தண்ணீர் நல்லது என்று அர்த்தமில்லை. கரைந்த உப்பையும் குரோமியத்தையும் எந்த லிட்மஸும் காட்டாது. நிறங்காட்டி, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். கேட்காத கேள்விக்குச் சொல்லாது. கேட்பது நம் வேலை.

ஆகவே வீட்டுப்பாடம் தருகிறேன். பேரன் பேத்திகளை வைத்துக்கொண்டு செய்யுங்கள். மஞ்சள்தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வெள்ளைக் காகிதத்தில் தடவி நிழலில் உலர்த்தி நறுக்கிக்கொள்ளுங்கள். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து நீலச் சாறு எடுங்கள். எலுமிச்சை, புளி, தயிர், இட்லி மாவு, சோப்பு, சமையல் சோடா, உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து, பெரியவர்கள் செய்யுங்கள். என்ன நிறம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

நடுவில் குழந்தை ஏதாவது கேட்டு, உங்களுக்குப் பதில் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று சொல்லுங்கள். உட்கார் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்,
கூரம்